ஜெலிந்தோவின் ஐந்து அறைகள்

அதிகாலை நாலு மணிக்குச் சேற்றுத் தொட்டியின் மூடிப் பலகையைத் தூக்கினால் முதலில் முகத்தில் அடிப்பது ஆவி. அப்புறம் நாற்றம், கந்தகமும் அழுகிய பாசியும் கலந்த நாற்றம். அதற்குப் பிறகுதான் சேறு கண்ணுக்குத் தெரியும். கறுப்பாக, வழுவழுவென்று, அடியில் ஓடும் சுடுநீரால் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஏரியில் வெட்டி எடுத்த களிமண் இரண்டு மாதம் அந்தச் சுடுநீரில் ஊறிப் பக்குவப்பட்டால்தான் ஜெர்மானியர்களின் மூட்டுவலிக்கும் ஆஸ்திரியர்களின் இடுப்புப் பிடிப்புக்கும் மருந்தாகும். எங்களுக்கு அது என்றைக்கும் சுமைதான்.

மண்வாரியால் வாரி வாளியை நிரப்ப வேண்டும். ஒரு வாளி இருபத்தைந்து கிலோ. ஒரு ஆளுக்கு இரண்டு வாளி. தொட்டியிலிருந்து பதினொரு படி இறங்கி, வழுக்கும் நடைபாதையைக் கடந்து அறைக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டிலில் துணி விரித்துச் சேற்றைப் பரப்பி, முன்கையின் உட்புறச் சதையால் தொட்டுப் பார்த்துச் சூட்டை அறிய வேண்டும். உள்ளங்கையை நம்பக் கூடாது, அது எப்போதோ மரத்துப் போனது. அப்புறம் ஆளைப் படுக்க வைத்து, வைத்தியர் சீட்டில் குறித்த இடமெல்லாம் அப்பி, துணியால் இறுக்கிச் சுற்றி, கண்ணுக்கு மேல் ஈரத்துணி போட்டுவிட்டு அடுத்த அறைக்கு ஓட்டம். இருபது நிமிடத்தில் திரும்பி வந்து அத்தனையையும் வழித்தெடுக்க வேண்டும். அவர்கள் குளித்து, வியர்த்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்து, ஒன்பது மணிக்குத் தோட்டத்து நாற்காலியில் சாய்ந்து குன்றுகளின் அழகைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அந்நேரம் எங்களால் முதுகை நிமிர்த்த முடியாது. நாங்கள் விடும் பெருமூச்சு வேறு.

எங்கள் ஓட்டலில் இருபது சேற்று அறைகள். நாலு சேற்றுக்காரர்கள், ஆளுக்கு ஐந்து. பத்து நாளாக மூன்று பேர்தான். அம்பேலியோ எங்களில் மூத்தவர், முப்பது வருடமாகச் சேறு சுமப்பவர், எதைக் கண்டாலும் சிலுவை போட்டுக்கொள்வார். தூலியோ இளையவன், கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகிறது, மூக்குக்கு மேல் கோபம். மூன்றாவது நான், அரிகோ. நாலாவது ஆள் ஜெலிந்தோ. பதினாறு முதல் இருபது வரை அவனுடைய அறைகள். சுடுநீர் ஊற்றுக் குழிக்குள் இறங்கினவன் உயிரோடு மேலே வரவில்லை.

அன்றைக்குத் திங்கட்கிழமை. முந்தின நாள் பூசை முடிந்து தேவாலய வாசலில் நாங்கள் மூவரும் ஒரு முடிவு எடுத்திருந்தோம். ஜெலிந்தோவின் ஐந்து அறைகளை இனி நாங்கள் தொட மாட்டோம். அவன் மனைவி எல்வீராவும் இரண்டு பெண் குழந்தைகளும் சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஓட்டல் கொடுத்த ஒற்றை அறையில் இருந்தார்கள். மாதக் கடைசிக்குள் அதைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார் முதலாளி மெனகெத்தி. குடித்துவிட்டுக் குழியில் இறங்கிச் செத்தவனுக்கு நஷ்ட ஈடும் கிடையாது, அவன் குடும்பத்துக்கு அறையும் கிடையாது என்பது அவர் கணக்கு. அறையை எல்வீராவிடமே விட வேண்டும், குழிக்குக் காற்று ஊதும் எந்திரம் வைக்க வேண்டும், அதுவரை அந்த ஐந்து அறைகளும் வறண்டு கிடக்கட்டும் என்று அன்றே முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டோம். அக்டோபர் மாதம், ஓட்டல் நிரம்பி வழிந்தது. காசு கொடுத்து வந்தவர்களுக்குச் சேறு இல்லை என்றால் முதலாளி இறங்கி வந்துதானே ஆக வேண்டும்?

மூடுபனி. வாய்க்காலில் ஓடும் சுடுநீரின் ஆவியும் பனியும் சேர்ந்து சைக்கிளின் முன்சக்கரம் கூடக் கண்ணுக்குத் தெரியாத காலை. நாங்கள் மூவரும் தொட்டியருகே ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம். தூலியோ பலகையைத் தூக்கினான். அப்படியே நின்றான்.

"சேறு குறைஞ்சிருக்கு" என்றான்.

பத்து வாளி அளவுக்குக் குறைந்திருந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கீழ் நடைபாதைக்கு இறங்கினோம். பதினாறாம் அறைக் கதவைத் தள்ளினேன். தரை கழுவி ஈரமாக இருந்தது. சேறு படிந்த துணி கூடையில் கிடந்தது, தொட்டால் சூடு. பதினேழும் அப்படியே. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. ஐந்து அறைகளிலும் வேலை முடிந்து, ஆட்கள் மேலே போய்விட்டிருந்தார்கள்.

அம்பேலியோ சிலுவை போட்டுக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். சிமெண்டில் காயாத சேற்றுக் காலடிகள். பெரிய ரப்பர் பூட்ஸ், இடது குதிகாலில் ஆப்பு வடிவில் ஒரு வெட்டு. போன குளிர்காலத்தில் என் மண்வாரி தவறிப் பட்டு விழுந்த வெட்டு அது. ஜெலிந்தோவின் பூட்ஸ்.

தூலியோவிடம் சொல்லவில்லை, காலால் அந்தத் தடத்தைத் தேய்த்து அழித்தேன்.

ஏழு மணிக்கு முதலாளி இறங்கி வந்தார். தலை வாரி, சென்ட் அடித்து, கழுத்துப்பட்டை கட்டி, கோவிலுக்குப் போகிறவர் மாதிரி வந்தார்.

"என்ன தூலியோ, வேலை நிறுத்தமெல்லாம் நல்லபடியா போகுதா?"

"அந்த அஞ்சு அறையையும் யாரு செஞ்சது முதலாளி?"

"என்னைக் கேட்டா? நான் என்ன சேத்துக்காரனா? படுத்தவங்க சுகமா எந்திரிச்சுப் போனாங்க. எனக்கு அது போதும்."

"ஆள் இல்லாம சேறு தானா நடந்து போச்சா?"

முதலாளி சிரித்தார். "ஜெலிந்தோ விசுவாசமான ஆளுப்பா. செத்தும் வேலையை விட மாட்டேங்குறான். உங்களுக்குத்தான் உசுரோட இருந்தும் உடம்பு வளையலை."

தூலியோ வாளியைத் தரையில் அடித்து வைத்தான். முதலாளியை எதிர்த்துப் பேசுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்து எழுத என்னால் முடியாது.

ஊற்றுக் குழி என்பது செங்கல் கட்டிய கிணறு மாதிரி, பதினைந்து அடி ஆழம். பூமிக்கடியிலிருந்து சுடுநீர் ஏறும் பெரிய குழாயின் திருகு அதன் அடியில் இருக்கிறது. தண்ணீரோடு நச்சுக் காற்றும் வரும். அதனால் யாரும் உடனே இறங்குவதில்லை. முதலில் ஒரு விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்குவோம். 'அருள் நிறைந்த மரியே' செபத்தை ஒரு முறை சொல்லி முடிக்கும் வரை சுடர் நின்றால் ஆள் இறங்கலாம். அணைந்தால் மூடிகளைத் திறந்துவிட்டு மத்தியானம் வரை காத்திருக்க வேண்டும். எங்கள் அப்பன்மார்கள் காலத்திலிருந்து இப்படித்தான்.

ஜெலிந்தோ செத்த அன்றைக்கு மேலே நீச்சல் குளம் ஆறிப் போயிருந்தது. முப்பது ஜெர்மானியர்கள் பஸ்ஸில் வந்து இறங்க வேண்டிய நாள். முதலாளியே குழியருகே வந்து நின்றார். நான் விளக்கை இறக்கினேன். பாதி செபத்தில் அணைந்தது.

"திரியில ஈரம்" என்றார் முதலாளி. "வேற விளக்கு கொண்டா."

தூலியோ ஓடிப்போய் இன்னொன்று கொண்டு வந்தான். அதுவும் அணைந்தது.

"ஒரு நிமிஷ வேலைப்பா. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எறங்கித் திருகிட்டு வா. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

ஜெலிந்தோ என்னைப் பார்த்தான். 'இறங்காதே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்பேலியோ சொல்லியிருக்கலாம், தூலியோ சொல்லியிருக்கலாம். கயிறு விளக்கில் இருந்தது, அவன் இடுப்பில் இல்லை. அதைக்கூட நாங்கள் அவிழ்த்து அவனுக்குக் கட்டவில்லை. அவன் இறங்கினான், திருகைத் திருப்பினான். தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. அப்புறம் அவன் விழுந்த சத்தம். மத்தியானத்துக்குள் குளம் சூடாகிவிட்டது. ஜெர்மானியர்கள் நீந்தினார்கள்.

மறுநாள் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "காலையில ஜெலிந்தோ குடிச்சானா?" என்று ஒரே ஒரு கேள்வி. வேலை தொடங்கும் முன் நாங்கள் எல்லோரும் காப்பியில் ஒரு மடக்கு கிராப்பா ஊற்றிக் குடிப்போம், திராட்சைச் சக்கையில் வடித்த சாராயம் அது. இல்லாவிட்டால் அந்தக் குளிரில் உடம்பு அசையாது. அன்றைக்கு அவன் கோப்பையில் ஊற்றியதே நான்தான். "ஒரு மடக்கு, எல்லாரையும் மாதிரி" என்றேன். முதலாளி எழுதினார்: 'மது அருந்திய நிலையில், சக தொழிலாளிகளின் எச்சரிக்கையை மீறி, தானாகவே குழிக்குள் இறங்கினார்.' படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் போட்டேன்.

அதிலிருந்து எனக்குச் சேற்றுக்குள் கை வைத்தால் அவன் கை படுகிற மாதிரி இருந்தது. தொட்டியின் அடியில் ஏதோ குமிழி வெடித்தால் அவன் மூச்சு விடுவதாகத் தோன்றியது. இந்த நிலையில்தான் அந்தக் காலடிகளைப் பார்த்தேன். என்னைத் தேடித்தான் வந்திருக்கிறான் என்று நம்பினேன், அதில் சந்தேகமே எனக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. ஐந்து அறைகளும் எங்களுக்கு முன்னால் முடிந்திருந்தன. தூலியோ பொறுக்க மாட்டாமல் என் சட்டையைப் பிடித்தான்.

"நீதானே? முன்னாடியே வந்து செஞ்சுட்டுப் போயி, அப்புறம் எங்களோட புதுசா வர்ற மாதிரி வர்றியா? கருங்காலிப் பயலே!"

"நானில்லடா."

"அப்ப இந்தப் பெரிய மனுஷனா?"

"நான் இருட்டுல தனியா அந்தப் பக்கம் போவேனா? கல்லறைக்குப் போன மாதிரி இருக்கு எனக்கு" என்றார் அம்பேலியோ. "அவன்தான்டா வர்றான். மனசு ஆறலை அவனுக்கு. நம்மளை விட மாட்டான்."

"பேயி வாளி தூக்குமா? அறிவு இருக்கா உங்களுக்கு?"

சொல்லிவிட்டானே தவிர, தூலியோவும் அந்த நடைபாதைப் பக்கம் முதுகைக் காட்டி நிற்கவில்லை. அன்று முழுவதும் மூன்று பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதலாளிக்கு ஒரு காசு செலவில்லாமல் எங்கள் ஒற்றுமை இரண்டே நாளில் உடைந்தது.

பத்து மணிக்கு ரோஜாச் செடிகளுக்கு நடுவே கெஸ்லர் அம்மாள் என்னைக் கைகாட்டி நிறுத்தினார். மியூனிக்கிலிருந்து ஒன்பது வருடமாக வருகிறவர், பதினெட்டாம் அறைக்காரர், ஜெலிந்தோவைத் தவிர யாரையும் தன்னைத் தொட விடமாட்டார். அவன் செத்ததை விருந்தாளிகள் யாருக்கும் ஓட்டல் சொல்லவில்லை. விடுமுறைக்கு வந்தவர்களின் மனசைக் கெடுக்கக் கூடாதாம்.

"ஜெலிந்தோவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார், தனக்குத் தெரிந்த அரைகுறைப் பேச்சில். "மூணு மணிக்கே வந்து, கண்ணு மேல துணி போட்டுப் படுத்துக்கச் சொன்னாங்க, சரி, போனேன். நான் பார்க்கலை. ஆனா கை தெரியும் எனக்கு. கை நடுங்குது. பேச்சே இல்லை. 'என்ன ஜெலிந்தோ, பாட்டு இல்லையா இந்த வருஷம்?'னு கேட்டேன். அழுத மாதிரி ஒரு சத்தம்."

"கொஞ்சம் சளி அம்மா" என்றேன்.

அந்தப் பொய்யும் என் வாயிலிருந்துதான் வந்தது. 

அன்றிரவு தூங்கவில்லை. புதன்கிழமை இரண்டரைக்கே சைக்கிளை எடுத்தேன். ஒரேயடியாக அவன் முன்னால் போய் நின்றுவிடலாம், என்ன செய்வானோ செய்யட்டும் என்ற முடிவு. பனியில் வழி தெரியவில்லை, வாய்க்காலின் கந்தக நாற்றத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. கீழ் நடைபாதையில் ஒரே ஒரு விளக்கு. ஆவி இடுப்புயரத்துக்கு நின்றது.

பத்தொன்பதாம் அறை வாசலில் அவன் இருந்தான். எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, வாளியிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தான். அவன் தொப்பி. கணுக்கால் வரை தொங்கும் அவன் ரப்பர் முன்னங்கி. அவன் பூட்ஸ். குதிகாலில் வெட்டு.

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஜெலிந்தோ" என்றேன். "நான்தான்டா கையெழுத்துப் போட்டேன். நீ குடிச்சிருந்தேன்னு நான்தான் போட்டேன். விளக்கு ரெண்டு தடவையும் அணைஞ்சுது. தெரிஞ்சும் போட்டேன். என்னை மன்னிச்சுடுடா."

உருவம் நிமிர்ந்தது. மெதுவாகத் திரும்பியது. தொப்பியின் கீழே எல்வீராவின் முகம்.

பக்கத்து அறையில் யாரோ ஜெர்மன் மொழியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன கையெழுத்து?" என்றாள்.

சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். விளக்கு, கயிறு, கிராப்பா, முதலாளியின் காகிதம். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். கையில் சேறு சொட்டியது.

"முதலாளி எங்கிட்ட வேற மாதிரி சொன்னாரு" என்றாள். "புருஷன் கொஞ்சம் தள்ளாடிக்கிட்டு வந்தான், எல்லாருமா தடுத்தாங்க, கேக்கலைன்னாரு. பத்து நாளா அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டே படுக்கறேன். பிள்ளைங்க எதிர்லயே திட்டியிருக்கேன். தெரியுமா உனக்கு?"



"நீ இங்க என்ன பண்றே எல்வீரா?" என்று கேட்டேன். "நாங்க உனக்காகத்தான் இந்த அஞ்சு அறையையும் தொடாம நிறுத்தி வெச்சிருக்கோம்."

"எனக்காகவா?"

"உன் ரூமைக் காலி பண்ணச் சொல்லக் கூடாதுன்னு..."

"அதை எவன் எங்கிட்ட வந்து சொன்னான்?" அவள் குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "அடக்கம் முடிஞ்ச அன்னிக்கு மண்ணள்ளிப் போட்டுட்டுப் போனீங்க மூணு பேரும். அப்புறம் ஒரு நாய்கூட என் கதவைத் தட்டலை. சலவைக்கூடத்து வழியா வந்தா என்னைப் பாத்துடுவோம்னு சுத்திக்கிட்டுப் போறீங்க. நான் பாக்கலைன்னு நெனச்சியா? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் முதலாளிதான் வந்தாரு. பிள்ளைங்களுக்கு பிஸ்கட் டப்பாவோட வந்தாரு. 'உன் புருஷன் அறைங்கள்ல பேய் இருக்குன்னு அவன் சிநேகிதங்க வேலை செய்ய மாட்டேங்குறாங்க. நீ மூணு மணிக்கு வந்து யாருக்கும் தெரியாம செஞ்சுட்டுப் போ. பொம்பளை சேறு போடறான்னு தெரிஞ்சா விருந்தாளிங்க முகம் சுளிப்பாங்க, வாயைத் திறக்காதே. வசந்த காலம் வரைக்கும் ரூம் உனக்கு'ன்னாரு."

"சம்பளம்?"

"பேய்க்கு யாரு சம்பளம் குடுப்பா?"

விளக்கடியில் அவள் கைகளைப் பார்த்தேன். முழங்கை வரை சிவந்து, அங்கங்கே கொப்புளம். சூடு பார்க்கும் விதம் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கையைச் சேற்றுக்குள் மூழ்கவிட்டுப் பார்த்திருக்கிறாள்.

எங்கள் வேலை நிறுத்தத்தை உடைத்த கருங்காலி, நாங்கள் யாருக்காக நிறுத்தினோமோ அவளேதான். அவளைக் கருங்காலி ஆக்கியது எங்கள் வெட்கம். முதலாளி உள்ளே நுழைய ஒரு கதவு வேண்டியிருந்தது, அதை நாங்கள் திறந்து வைத்திருந்தோம். அன்றைக்கு எனக்கு இது இவ்வளவு தெளிவாகப் புரியவில்லை. வாய்விட்டு அழத்தான் முடிந்தது.

"அழாதே" என்றாள் எரிச்சலோடு. "பதினாறு, பதினேழு, பதினெட்டுல சேறு ஆறுது. வெச்சதை வழிச்சுட்டு வர்றேன், படுத்திருக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்க? மத்த ரெண்டும் அப்படியே கெடக்கட்டும்."

நாலு மணிக்கு அம்பேலியோவும் தூலியோவும் வந்தார்கள். நடைபாதை நடுவில் ஜெலிந்தோவின் உடுப்பில் ஒரு உருவம் நிற்பதைப் பார்த்ததும் அம்பேலியோ படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தூலியோ மண்வாரியை ஓங்கிக்கொண்டு வந்தான். முகத்தைப் பார்த்ததும் கை இறங்கியது.

எல்வீரா தொப்பியைக் கழற்றினாள்.

"நீயும் கையெழுத்துப் போட்டியா?" என்று தூலியோவைக் கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான், நான் மட்டும்தான் போட்டேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவனும் அப்படித்தான் நினைத்திருக்கிறான் என்று அந்தப் பார்வையில் தெரிந்தது.

"என் பொண்டாட்டி மாசமா இருக்கா எல்வீரா. வேலை போயிடும்னு..."

"அதைக் கேக்கலை. போட்டியா?"

"போட்டேன்."

"நானும் போட்டேன்" என்றார் படியில் இருந்த அம்பேலியோ, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. "எழுதப் படிக்கத் தெரியாதுன்னேன். கட்டைவிரலைப் பிடிச்சு மையில வெச்சாரு. நான் கையை இழுத்துக்கலை."

எல்வீரா மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காறித் துப்புவாள் என்று நினைத்தேன், துப்பியிருந்தாலும் தப்பில்லை. அவள் முன்னங்கியை அவிழ்த்துக் கொக்கியில் மாட்டினாள்.

"இனிமே அஞ்சு இல்லை" என்றாள். "இருபது. ஒண்ணுலயும் சேறு விழக் கூடாது. முடியுமா உங்களால?"

தூலியோ மண்வாரியைச் சுவரோரம் சாத்தினான். அம்பேலியோ எழுந்து போய்த் தொட்டியின் பலகையை இழுத்து மூடினார். அந்த வயதில் அவர் அதைத் தனியாக இழுத்து நான் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டுச் சலவைக்கூடத்திலிருந்து நோர்மா வந்தாள். ஆறு சலவைக்காரிகளுக்கு அவள்தான் தலைவி மாதிரி, வாய் நீளம். விஷயத்தைக் கேட்டாள். கேட்டு முடித்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மூணு தடியனுங்க, ஒரு பொம்பளை வீட்டுக் கதவைத் தட்டப் பயம். நல்லா நடத்துனீங்கடா போராட்டம்!" என்றாள். அப்புறம் திரும்பி உள்ளே பார்த்துக் கத்தினாள்: "ஏ பிள்ளைங்களா, கொதிகலனை அணைங்க! இன்னிக்குத் துணி கிடையாது!"

மணி நாலரை ஆனதும் மேல்மாடியிலிருந்து விருந்தாளிகள் அழைப்பு மணியை அழுத்தத் தொடங்கினார்கள். நடைபாதைச் சுவரில் மணிப்பலகை இருக்கிறது. மணி அடித்தால் அந்த அறையின் எண் தட்டு 'டக்' என்று விழும். ஏழு விழுந்தது. மூன்று விழுந்தது. பன்னிரண்டு, ஒன்பது. பதினோரு வருடமாக அந்த 'டக்' கேட்டதும் என் கால்கள் தாமாக ஓடும். இப்போதும் ஓடப் பார்த்தன. நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

முதலாளி வந்தார். இந்தத் தடவை தலை வாரவில்லை. தூக்க உடுப்புக்கு மேல் கோட்டு.

"என்ன கூத்து இது? யார் ஆரம்பிச்சது?"

எல்வீரா முன்னால் வந்தாள்.

"பேய் வேலையை விட்டுடுச்சு முதலாளி" என்றாள்.

அவர் முகம் கறுத்தது. "உன்னைச் சாயங்காலத்துக்குள்ள வெளியே தள்ளுவேன். ரூமுமில்லை, ஒண்ணுமில்லை."

"தள்ளுங்க. பிள்ளைங்களோட ஓட்டல் வாசல்லயே உக்காந்துக்கறேன். குளிக்க வர்றவங்க எல்லாம் பாக்கட்டும்."

"உன் புருஷன் குடிச்சுட்டுச் செத்தான். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? மூணு பேர் கையெழுத்து இருக்கு எங்கிட்ட."

நான் எழுந்தேன்.

"விளக்கு ரெண்டு தடவை அணைஞ்சுது முதலாளி. ரெண்டு தடவையும் நீங்க பக்கத்துல நின்னீங்க. 'மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எறங்கு'ன்னு சொன்னது நீங்க. இதை நான் பாதுவா கோர்ட்டுல நீதிபதி முன்னாடி சொல்லுவேன்."

"நீ போட்ட கையெழுத்து?"

"பொய்க் கையெழுத்து. அதையும் சொல்லுவேன். ஜெயில்னா போறேன்."

"ரெண்டாவது விளக்கைக் கொண்டாந்தது நான்" என்றான் தூலியோ. "திரி காஞ்சுதான் இருந்துச்சு."

படியின் மேல் யாரோ நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். கெஸ்லர் அம்மாள். குளியல் உடுப்பில், ஈரத் தலையோடு, எப்போதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியாது. "செத்துட்டாரா?" என்றார். "எப்போ?" எல்வீரா அவரைப் பார்த்து, "பன்னெண்டு நாள் ஆச்சும்மா" என்றாள். அந்த அம்மாள் எல்வீராவின் வெந்த கைகளைப் பார்த்தார். பிறகு தன் தோளைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பிடித்தபடி மேலே ஏறிப் போய்விட்டார். அவர் எங்கள் பக்கமா, யார் பக்கமா, எனக்குத் தெரியாது. அன்று மத்தியானமே ஊருக்குப் புறப்பட்டதாகக் கேள்விப்பட்டேன்.

"பக்கத்து ஓட்டல்லேர்ந்து ஆள் கொண்டாருவேன்" என்றார் முதலாளி. "போலீசைக் கூப்பிடுவேன். எட்டு மணிக்குள்ள வேலைக்குத் திரும்பாதவன் இந்தக் குன்றடியில எந்த ஓட்டல்லயும் வாளி தூக்க முடியாது. தெரிஞ்சுக்கங்க."

அவர் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை, முதலாளிகள் எல்லாம் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் போனதும் மணிப்பலகையில் பதினைந்து விழுந்தது.

"பேசிட்டா போதுமா?" என்றாள் எல்வீரா. "அவரு காயிதம் வெச்சிருக்காரு. நம்மகிட்ட என்ன இருக்கு?"

வைத்தியர் சீட்டுகள் ஒரு கட்டு அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கம் மனித உடம்பின் படமும் சேறு அப்ப வேண்டிய இடமும். பின்பக்கம் வெறும் தாள். ஒன்றைக் கிழித்து முழங்காலில் வைத்துப் பென்சிலால் எழுதினேன். என்ன நடந்ததோ அதை மட்டும் எழுதினேன், என் கிராப்பாவையும் என் பயத்தையும் சேர்த்து. உரக்கப் படித்தேன். "கயிறையும் எழுது" என்றார் அம்பேலியோ. எழுதினேன். என் பெயரைப் போட்டேன். தூலியோ போட்டான். மை இல்லாததால் அம்பேலியோ சேற்றில் கட்டைவிரலைத் தோய்த்து வைத்தார். இந்தத் தடவை அவர் கையை யாரும் பிடிக்கவில்லை.

இதனால் என்ன ஆகும் என்று அப்போது எனக்குத் தெரியாது, எல்வீராவுக்கு இரவு படுக்க இடம் உண்டா என்பதுகூடத் தெரியாது. சொல்லி அனுப்பினாலும் தொழிலாளர் சங்கத்து ஆள் பாதுவாவிலிருந்து வர ஒரு நாள் ஆகும். மூடுபனிக்குள் போலீஸ் வண்டியின் சத்தம் கேட்கிறதா என்று காது நீண்டபடியே இருந்தது. செத்தும் ஜெலிந்தோ அங்கே எங்களோடுதான் நின்றான், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவனைப் பார்க்க எனக்குப் பயமாக இல்லை.

தாளை மடிக்கப் போனேன். நோர்மா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"பென்சிலைக் குடு."

"நீ எதுக்கு? அன்னிக்குக் குழிகிட்ட நீ இல்லையே."

"அன்னிக்கு இல்லை. இன்னிக்கு இருக்கேன்ல? 'இவங்க சொன்னதை நான் கேட்டேன், இவங்களோட நிக்கறேன்'னு எழுதறேன். தள்ளி உக்காரு."

ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள். அவளுக்குப் பின்னால் மற்ற ஐந்து சலவைக்காரிகளும் ஈரக் கையை முன்னங்கியில் துடைத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றார்கள்.